தலைக்கு மேலே ஒரு துணி: பழைய கார்களின் உட்கூரையை என்ன செய்வது?

பழைய கார் வாங்கப் போகிறவர் பானெட்டைத் தூக்கி என்ஜினைப் பார்ப்பார். குனிந்து அடிப்பாகத்தில் டார்ச் அடிப்பார். டயரை ஒரு உதை உதைப்பார், கதவைச் சாத்தி அதன் ஓசையைக் கேட்பார். தலையை நிமிர்த்தி மேலே பார்ப்பவரை நான் அதிகம் பார்த்ததில்லை. வாங்கி வந்த பிறகு ஒரு நாள், சித்திரை வெயிலில் நிறுத்திவிட்டு ஏறும்போதுதான் உச்சந்தலையில் ஏதோ உரசும். கூரைத் துணி, கால் சரிந்த பந்தல்போலத் தொங்கிக்கொண்டிருக்கும்.

குஷன் கடைகளில் இதை 'டாப் லைனிங்' என்பார்கள், சிலர் 'ரூஃப் லைனிங்' என்பார்கள். நாம் உட்கூரை என்றே வைத்துக்கொள்வோம். காரின் உள் அலங்காரத்தில் மிகப் பெரிய ஒற்றைப் பரப்பு பெரும்பாலும் இதுதான். ஆனால் பழைய கார் புதுப்பிக்கும் பலரின் செலவுப் பட்டியலில் இது கடைசி வரியில்தான் இருக்கும். பெயின்ட், குரோமியம், இருக்கை எல்லாம் முடிந்து கையில் மிஞ்சிய காசில் செய்யும் வேலை. அதனாலேயே அதிகம் கெடுக்கப்படும் வேலையும் இதுதான்.

பழைய துணியைக் காப்பாற்றுவதா, புதிதாகத் தைப்பதா, இல்லை இன்றைய கார்போல அட்டை ஒட்டி முடித்துவிடுவதா என்று மூன்று வழிகள் உண்டு. மூன்றுக்கும் வாதாடுபவர்கள் இருக்கிறார்கள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: துணி மாறலாம், அதைத் தொங்கவிட்ட முறை மாறக் கூடாது. அப்படிச் சொல்வதற்கு முதல் காரணம் கூரையின் வரலாற்றில் இருக்கிறது.

தொடக்க கால மூடிய கார்களுக்கு முழு இரும்புக் கூரை கிடையாது. அத்தனை அகலமான தகட்டை உருட்டி எடுக்கவும், ஒரே அழுத்தில் வளைக்கவும் ஆலைகளால் முடியவில்லை. எனவே கூரையின் நடுவே பெரிய ஓட்டை விட்டு, மரச் சட்டங்கள் வைத்து, பஞ்சு பரப்பி, மேலே நீர் புகாத பூச்சுத் துணியை இழுத்து ஆணியடித்தார்கள். ஃபோர்டு மாடல் ஏ கார்களின் கூரை இப்படிப்பட்டதுதான். உள்ளே தெரியும் துணியையும் அதே மரச் சட்டங்களில் சிறு ஆணிகளால் அடித்துத் தொங்கவிட்டார்கள். அந்தக் காலத்து வேலைக்காரர்கள் ஒரு பிடி ஆணியை வாயில் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாக நாக்கால் தள்ளிக் காந்தச் சுத்தியலின் முனையில் ஒட்டவைத்து அடிப்பார்கள். ஒரு கை எப்போதும் துணியை இழுத்துப் பிடித்திருக்க வேண்டும், அதனால் வாய் இன்னொரு கையானது.

ஜெனரல் மோட்டார்ஸ் 1935 மாடல்களில் 'டரட் டாப்' என்ற பெயரில் ஒரே தகட்டாலான இரும்புக் கூரையைக் கொண்டுவந்தது. இரண்டு ஆண்டு கழித்து ஃபோர்டும் அந்த வழிக்கு வந்தது. மழை ஒழுகுவது நின்றது, வேறு இரண்டு தொல்லைகள் வந்தன. இரும்புத் தகடு பறைபோல அதிர்ந்தது, வெயிலை அப்படியே உள்ளே இறக்கியது. ஆகவே தகட்டுக்கும் துணிக்கும் நடுவே பஞ்சோ சணலோ கம்பளி நமுதாவோ வைக்க வேண்டியதாயிற்று. உட்கூரை என்பது தகட்டின் இரைச்சலையும் சூட்டையும் தடுக்கும் ஏற்பாட்டின் அடிப்பாகமாகவும் ஆனது. இதை மறந்துவிட்டுத் துணியை மட்டும் மாற்றுகிறவர்கள், பழுப்பேறி உதிரும் பஞ்சைக் குப்பையில் கொட்டிவிட்டு அந்த இடத்தில் எதையுமே வைப்பதில்லை. பிறகு "வண்டி முன்னைவிடச் சத்தம் போடுகிறதே" என்பார்கள்.

மரச் சட்டம் போன பிறகு ஆணி அடிக்க இடமில்லை. அப்போது பரவலாக வந்ததுதான் கம்பி முறை. கூரையின் வளைவுக்கு ஏற்ப வளைத்த எஃகுக் கம்பிகள் நான்கைந்து குறுக்கே நிற்கும். ஒவ்வொன்றின் இரு முனைகளும் பக்கவாட்டுச் சட்டத்தில் உள்ள ஓட்டைகளில் செருகி நிற்கும். துணியின் மேல்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில், பாவாடைக்கு நாடா கோக்கும் பட்டிபோலப் பருத்திப் பட்டிகள் தைத்திருக்கும். அவற்றுக்குள் கம்பி நுழையும். துணி கம்பிகளில் தொங்கும், ஓரங்கள் மட்டும் இழுத்துப் பசையாலோ கவ்விகளாலோ பிடிக்கப்படும். அம்பாசிடரிலும் பத்மினியிலும் ஃபோக்ஸ்வேகன் பீட்டிலிலும் கூரையில் குறுக்கே ஓடும் தையல் வரிகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஒவ்வொரு வரிக்கும் மேலே ஒரு கம்பி இருக்கிறது.

இந்த முறையின் அழகு என்னவென்றால், துணியின் எடையைத் தாங்குவது கம்பி. பசைக்கு அங்கே சின்ன வேலைதான், அதுவும் ஓரத்தில் மட்டும். நாற்பது ஐம்பது வருடம் கழித்துத் துணி நைந்து கிழிந்தாலும் கம்பி அப்படியே இருக்கும். பழைய துணியை உருவிவிட்டுப் புதியதைக் கோத்தால் போதும். பழுதுபார்ப்பவரை நினைத்துச் செய்த அமைப்பு இது.

அதற்குப் பின் வந்தது அட்டை முறை. 1970-களிலிருந்து ஒவ்வொரு நிறுவனமாக மாறிக்கொண்டது. கூரையின் வடிவத்திலேயே வார்த்த அட்டை அல்லது நார்ப் பலகை, அதன்மேல் மெல்லிய ஃபோம் ஒட்டிய துணி. தொழிற்சாலையில் ஒரு நிமிடத்தில் தூக்கி மாட்டிவிடலாம். கம்பி இல்லை, தையல் இல்லை, இழுத்துப் பிடிக்கத் தெரிந்த கை வேண்டியதில்லை. ஆனால் இங்கே துணியின் முழு எடையும் ஃபோமில் தொங்குகிறது, அந்த ஃபோமுக்கு ஆயுள் குறைவு. பாலியூரித்தேன் ஃபோமில் எஸ்டர் வகை ஈரப்பதத்தால் சிதையும். காற்றிலுள்ள நீரே அதன் மூலக்கூறுச் சங்கிலியை அறுக்கிறது. ஈத்தர் வகை ஈரத்தைத் தாங்கும், ஒளிக்கும் ஆக்சிஜனுக்கும் தோற்கும். எப்படியானாலும் ஒரு நாள் ஃபோம் மஞ்சள் மாவாக உதிர, அட்டையில் பசை பசையாகவே இருக்க, துணி மட்டும் கழன்று தொங்கும். பசை விட்டுவிட்டது என்று நினைத்து ஊசி வழியே பசை ஏற்றுகிறவர்கள் உண்டு. மாவின்மேல் பசை தடவி என்ன பயன்? அட்டையைக் கழற்றி, பழைய ஃபோமை மென்மையான பிரஷ்ஷால் கடைசித் துகள்வரை துடைத்து, புது ஃபோம் துணி ஒட்டுவதுதான் வழி. அட்டை முறைக்கு இதற்கு மேல் சொல்ல எதுவுமில்லை. கடற்கரை ஊர்களில் இந்த வேலை திரும்பத் திரும்ப வரும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சங்கடம் எங்கே என்றால், கம்பி முறைக் கார்களையும் இப்போது அட்டை முறையில் மாற்றுகிறார்கள். எனக்கே நடந்தது. சில வருடங்களுக்கு முன் என் அம்பாசிடரை ஒரு கடையில் விட்டேன். கடையின் பெயர் வேண்டாம். மூன்று நாளில் வேலை முடிந்துவிட்டது என்றபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். கம்பிகள் அத்தனையையும் கழற்றி இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டார்கள். தகட்டின் மேலேயே நேராக ஃபோம் துணியைப் பசை வைத்து ஒட்டியிருந்தார்கள். பார்க்க வழவழவென்று புது காரின் கூரைபோல இருந்தது. அடுத்த கோடையில் நடுவே ஒரு கொப்புளம் எழுந்தது, ஆடி பிறப்பதற்குள் கூரை முழுக்க அம்மை போட்டதுபோல் ஆகிவிட்டது.

ஏன் அப்படி ஆனது என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். வெயிலில் நிற்கும் காரின் இரும்புக் கூரை 70 டிகிரி செல்சியஸைச் சாதாரணமாகத் தாண்டும், கறுப்பு நிறமானால் இன்னும் கூடும். மரச் சாமான்களுக்கும் செருப்புக்கும் தயாரித்த ரப்பர் பசைகள் பல அந்தச் சூட்டில் இளகிவிடும். இளகிய பசையைத் துணியின் எடை மெல்ல மெல்ல இழுக்கும். ரெக்சின் ஒட்டினால் இன்னொரு வில்லங்கம். ரெக்சினின் மேல்பூச்சான பிவிசி இயல்பில் விறைப்பானது. அதை வளையும் துணியாக்க ஒரு எண்ணெய்ப் பொருள் சேர்க்கிறார்கள். அது பிவிசிக்குள் நிலையாக இருப்பதில்லை, கசிந்து கொண்டே இருக்கும். கார் கண்ணாடியின் உள்பக்கம் துடைக்கத் துடைக்கப் படியும் மங்கலான படலத்தில் அதற்கும் பங்குண்டு. இந்த எண்ணெய் நியோப்ரீன் வகைப் பசைக்குள் இறங்கினால் பசை கூழாகிவிடும். ஓரத்தில் இரண்டு விரல் அகலத்தில் இது நடந்தால் சமாளிக்கலாம். கூரை முழுவதும் பசையை நம்பியிருந்தால் கூரை முழுவதும் இறங்கும். எண்ணெய் எடுபட்ட ரெக்சினோ சுருங்கி விறைக்கும். பழைய ரெக்சின் கூரைகள் பின் கண்ணாடி ஓரத்தில் முதலில் பிய்வது இதனால்தான்.

ஆக, கம்பியை எடுத்துப் போட்டது அழகியல் குற்றம் மட்டுமல்ல. எளிதில் திரும்பச் செய்யக்கூடிய ஒன்றை அழித்து, அடிக்கடி திரும்பச் செய்ய வேண்டிய ஒன்றை வைத்திருக்கிறார்கள்.

சரி, முறையாகச் செய்வது எப்படி? முதலில் நேரம். உட்கூரை வேலை பெயின்ட் அடித்த பிறகும், கண்ணாடி மாட்டுவதற்கு முன்பும் நடக்க வேண்டும். இது எல்லாருக்கும் தெரிந்ததுபோலத் தோன்றும், ஆனால் பாதிக் கார்களில் பிசகுவது இங்கேதான். முன் பின் கண்ணாடிகளைப் பிடிக்கும் ரப்பருக்கு அடியில்தான் துணியின் விளிம்பு மடிந்து உட்கார்ந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றாமல் செய்தால் விளிம்பை ரப்பருக்குள் ஸ்க்ரூ டிரைவரால் குத்திச் செருகுவார்கள். அது ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

கழற்றும்போது அவசரம் கூடாது. கம்பிகள் ஒரே மாதிரி தெரியும், ஆனால் ஒவ்வொன்றின் நீளமும் வளைவும் வேறு. முன்னிருந்து பின்னாக எண் எழுதிய டேப் ஒட்ட வேண்டும், இடது முனை எது வலது முனை எது என்பதையும் குறிக்க வேண்டும். சில கார்களில் ஒரு கம்பிக்கு இரண்டு மூன்று ஓட்டைகள் மேலும் கீழுமாக இருக்கும், எதில் இருந்தது என்று படம் எடுத்துக்கொள்வது நல்லது. தவறான ஓட்டையில் செருகிய கம்பி ஒரு விரற்கடை இறங்கினாலும் அந்த இடத்தில் சுருக்கம் விழும், எத்தனை இழுத்தாலும் போகாது. பின்கோடிக் கம்பியை உடலோடு கட்டி வைத்திருக்கும் சிறு கொக்கிகளையோ வயர்களையோ குப்பை என்று எறிந்துவிடாதீர்கள். முன்னால் இழுக்கும்போது எல்லாக் கம்பிகளும் ஒட்டுமொத்தமாகச் சாயாமல் நிற்பது அவற்றால்தான்.

துணி இறங்கியதும் வேறொரு காட்சி கிடைக்கும். மழைநீர் ஓடும் ஓரக் கால்வாய்க்கு உள்பக்கம், கண்ணாடிச் சட்டத்தின் மூலைகள், தூண்கள் கூரையோடு சேரும் இடம் இவற்றை வேறு எப்போதும் பார்க்க முடியாது. வெளியே கண்ணாடிபோல் மின்னும் பெயின்ட்டுக்குப் பின்னால் டிங்கர் பட்டியும் ஈயமும் துருவும் எவ்வளவு என்று அப்போதுதான் தெரியும். துருவை அங்கேயே விட்டுவிட்டுப் புதுத் துணியைக் கோத்தால் ஆறு மாதத்தில் பழுப்புக் கறை கீழே இறங்கும். டிங்கர் வேலை, துருத் தடுப்புப் பூச்சு, டோம் லைட்டுக்குப் போகும் வயரை மாற்றுவது, ஆன்டெனா வயர் இருந்தால் அது, சத்தம் தடுக்கும் அட்டை, நமுதா எல்லாம் இந்தக் கட்டத்தில் முடிய வேண்டும். கம்பிகளையும் தேய்த்துப் பெயின்ட் அடிக்க வேண்டும். துருப்பிடித்த கம்பி புதுத் துணியில் கோடு கோடாகக் கறை வைக்கும்.

அடுத்தது தையல். பீட்டிலுக்கு வெளிநாட்டில் தைத்த துணி தயாராகக் கிடைக்கிறது, மினிக்கும் எம்ஜிக்கும் கிடைக்கிறது. அம்பாசிடர்க்காரருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, பழைய துணிதான் அளவு. அதனால்தான் கிழிந்து நாறினாலும் அதை முழுதாக இறக்க வேண்டும் என்கிறேன். தையலைப் பிரித்து ஒவ்வொரு துண்டையும் இஸ்திரி போட்டுப் புதுத் துணிமேல் விரித்து சாக்பீஸால் வரைய வேண்டும். நடுக்கோட்டை முன்னிருந்து பின்வரை குறிக்காமல் கத்தரி வைக்கவே கூடாது. பழைய துணி சுருங்கியிருக்கும், ஆகவே ஓரங்களில் நாலைந்து விரல் கூடுதலாக விடலாம். ஆனால் தையலுக்கும் தையலுக்கும் நடுவிலுள்ள தூரத்தில் நூல் அளவுகூடக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. கூட்டினால் தொய்யும், குறைத்தால் கம்பி சாயும். இருக்கை தைப்பதில் பத்து வருட அனுபவம் உள்ளவரும் இதில் தவறுவார். இருக்கையில் அடியில் ஃபோம் இருக்கிறது, சிறு பிசகை அது விழுங்கிவிடும். கூரைத் துணிக்கு அடியில் காற்றுதான்.

மாட்டுவதற்கு வெயில் நல்லது. இது நம் ஊருக்குக் கிடைத்த வரம். குளிர் நாட்டில் ஹீட்டர் வைத்துத் துணியைச் சூடேற்றி இளக்குகிறார்கள், நாம் காலை பத்து மணிக்குத் தார்ப்பாய்மேல் விரித்து வைத்தால் போதும். கம்பிகளைக் கோத்து, நடுக் கம்பியிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக நிறுத்த வேண்டும். பிறகு முன்பக்கமும் பின்பக்கமும் நடுவில் இழுத்துக் கிளிப் போட வேண்டும், அதற்குப் பிறகுதான் பக்கங்கள். நடுவிலிருந்து மூலைக்கு, இடம் ஒரு பிடி வலம் ஒரு பிடி என்று கட்டிலுக்குக் கயிறு இறுக்குவதுபோல மாறி மாறிப் போக வேண்டும். ஒரே நாளில் பசை போடாமல் கிளிப்போடு ஓர் இரவு விட்டுவிட்டால் துணி தானாகக் கொஞ்சம் தளரும், மறுநாள் மீண்டும் இழுக்கலாம். பருத்திப் பட்டியின் முனைகளைக் கம்பியின் வளைவு வரும் இடத்தில் சிறிது சிறிதாக வெட்டிக் கொடுத்தால்தான் பக்கச் சுருக்கம் தீரும். ஒரேயடியாக வெட்டிவிட்டால் துணி கம்பியைவிட்டு இறங்கும். தூண்களின் அருகே போடும் வெட்டும் அப்படியே. டோம் லைட் ஓட்டையைக் கடைசியில், விரலால் தடவிப் பார்த்து, சிறு பெருக்கல் குறி அளவே கிழிக்க வேண்டும். மிச்சச் சுருக்கம் கம்பளியானால் நீராவியில் போகும், ரெக்சினானால் ஹேர் டிரையர் சூட்டில் போகும்.

எந்தத் துணி? பிரிட்டனின் உயர்தரக் கார்களில் கம்பளி போட்டார்கள். கம்பளி எளிதில் தீப்பிடிக்காது, சத்தத்தை உறிஞ்சும், பார்க்க அரசகளை. ஆனால் அந்துப்பூச்சிக்கு விருந்து, நம் மழைக்காலத்தில் பூஞ்சணமும் பிடிக்கும். பீட்டிலே 1960-களின் தொடக்கத்தில் துணியைவிட்டு ஓட்டையிட்ட ரெக்சினுக்கு மாறியது. துடைத்தால் சுத்தம், சிகரெட் புகைக் கறையும் போகும். ரெக்சின் என்பதே முதலில் ஒரு பிரிட்டிஷ் வணிகப் பெயர்தான். நம் ஊர் டாக்சிக்கும் அரசு அம்பாசிடருக்கும் அது பொருந்தியதில் வியப்பில்லை. காருக்கு முதலில் எது வந்ததோ அதன் நெசவையும் நிறத்தையும் ஒத்ததை எடுப்பது என் வழக்கம். ஒன்று மட்டும் கேட்டு வாங்குங்கள்: தீத் தரம். அமெரிக்காவில் 1972 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த விதி, காரின் உள் துணி நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் எரிந்து பரவக் கூடாது என்கிறது. பழைய கார்கள் பலவும் அதற்கு முந்தியவை. ஆனால் தலைக்கு மேல் தொங்குவதில் வரலாற்று நேர்மை பேசி, சோபாவுக்கு நெய்த மலிவு சிந்தடிக் துணியைப் போடுவது மடமை.

இனி, கழற்றவே வேண்டுமா என்ற கேள்வி. பழைய வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பின் டூரின் சாசனம், கட்டடப் பாதுகாப்புக்கான 1964 வெனிஸ் சாசனத்தின் வழியில் எழுதப்பட்டது. பாதுகாப்பதே முதல் கடமை, புதுப்பிப்பது பிறகு என்பது அதன் போக்கு. அந்தக் கண்ணோடு பார்த்தால், கறை மட்டும் உள்ள, தையல் உறுதியாக இருக்கும் கம்பளிக் கூரையை இறக்குவது பாவம். மென்மையான பிரஷ், தூசி உறிஞ்சும் கருவி, மிகக் குறைந்த ஈரம், இவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். தையல் மட்டும் விட்டிருந்தால் வளைந்த ஊசியால் இருந்த இடத்திலேயே தைக்கலாம். நூல் நைந்து தொட்டால் பொடியாகும் துணிக்கு மட்டும் இந்தக் கருணை பலிக்காது. நம் நாட்டில் 2021 ஜூலையில் வந்த விதிகள் 50 ஆண்டு கடந்த வாகனங்களை விண்டேஜ் என்று பதிய வழி செய்தன. சேசிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் கூடாது என்பதே அவற்றின் கவலை. உட்கூரையில் நீங்கள் என்ன செய்தாலும் சட்டம் கேட்காது. அதனால் இது முழுக்க உரிமையாளரின் மனசாட்சியைப் பொறுத்தது.

மனசாட்சிக்கு விதிவிலக்கும் உண்டு. மும்பையின் பத்மினி டாக்சிகளில் கூரையைப் பூப்போட்ட ரெக்சினால் அலங்கரிப்பது டிரைவர்களின் பழைய வழக்கம். 2015-இல் டாக்சி ஃபேப்ரிக் என்ற முயற்சி இளம் ஓவியர்களைக் கொண்டு டாக்சி இருக்கைகளுக்கும் கூரைக்கும் துணி வடிவமைத்துப் போட்டது. 2023 அக்டோபரோடு பத்மினி டாக்சியாக ஓடுவது நின்றுவிட்டது. அப்படி ஒரு டாக்சி உங்கள் கைக்கு வந்தால், தொழிற்சாலையில் போட்ட வெள்ளை ரெக்சினுக்குத் திரும்புவதா, டிரைவர் போட்ட பூக்களை வைத்திருப்பதா? நான் பூக்களை வைத்திருப்பேன். அந்த வண்டியின் வாழ்க்கை குர்லா தொழிற்சாலையைவிட அந்தப் பூக்களின் கீழேதான் அதிகம் கழிந்தது.

சென்னைக்காரர்களுக்கு இன்னொரு செய்தி. வண்டலூர்ப் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டின் இரண்டு கதவு மாடல் இன்னும் சில வீடுகளில் நிற்கிறது. அதன் கூரை உடலோடு பற்றவைக்கப்பட்டதல்ல, போல்ட்டால் பிணைத்தது. இங்கிலாந்தில் அதே உடலிலிருந்து திறந்த காரும் செய்ய வசதியாக அப்படி வடிவமைத்தார்கள். நாலு பேர் சேர்ந்து கூரையைத் தூக்கி மேசைமேல் கவிழ்த்து வைத்தால், கழுத்து வலிக்காமல் உட்கூரை வேலை செய்யலாம். அந்த வசதியைப் பயன்படுத்தாமல் உள்ளே மல்லாந்து படுத்து வேலை செய்யும் கடைகளைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வேலை முடிந்து துணியை மூடுவதற்கு முன், என்ன துணி, எங்கே வாங்கியது, எந்தப் பசை, எந்த மாதம், தைத்தவர் பெயர் என்ன என்று ஒரு காகிதத்தில் எழுதி, பாலித்தீன் உறையில் போட்டுக் கூரைத் தகட்டில் ஒட்டிவிடுங்கள். இறக்கிய பழைய துணியைத் துவைத்து, மடித்து, வேப்பிலையோடு ஒரு பையில் போட்டு வையுங்கள். இருபது முப்பது வருடம் கழித்து அந்தக் காரைத் திறக்கப் போகிறவருக்கு வேறு அளவு கிடைக்காது.